நாவற்குடாவில் பத்து நிமிசம்

பிரதீஸுக்கு மெதுவாகப் பேச வராது. குருக்கள்மடத்தில் தன் வீட்டு அடுக்களையில் நின்று மனைவி கஜானியிடம் அவன் உப்புக் கேட்டால், அடுத்த வளவிலிருந்து உப்பு வரும். பெண் பார்க்கப் போன நாளில், தேத்தண்ணி நல்லாயிருக்கு என்று அடக்கமாகத்தான் சொன்னான். தெருவில் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த ஒருவர் காலை ஊன்றி நின்று, "நல்லம் தம்பி" என்று பதில் சொல்லிவிட்டுப் போனார். கஜானி அன்றைக்கே சிரித்துவிட்டாள். கலியாணமும் நடந்தது.

அப்படிப்பட்ட தொண்டைக்கு மட்டக்களப்பில் ஒரே வேலைதான் உண்டு. பிரதீஸ் பள்ளிக்கூடம் முடித்த கையோடு மட்டக்களப்பு - கல்முனை பஸ்ஸில் கொண்டக்டராக ஏறினான், பிறகு இறங்கவே இல்லை. "கல்லடி, நாவற்குடா, காத்தான்குடி, ஆரையம்பதி, கிரான்குளம், குருக்கள்மடம், செட்டிபாளையம், களுவாஞ்சிக்குடி, கல்முனை" என்று ஒரே மூச்சில் ஊர்களைக் கோத்துக் கூப்பிடுவான். நடுவில் நிறுத்தச் சொன்னால் அவனால் முடியாது. காத்தான்குடியோடு நிறுத்தினால் தும்மல் பாதியில் நின்றதுபோல மூக்கைச் சுருக்கிக்கொண்டு நிற்பான்.

பஸ்ஸின் சாரதி யூஸ்டஸ், புளியந்தீவில் பறங்கியர் தெருக்காரர். அண்ணன் தம்பிகள் எல்லோரும் உளியும் சுத்தியலுமாக இருக்க, இவர் மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்தார். பேசுவது குறைவு. ஹோர்ன் அடிப்பது அதைவிடக் குறைவு. ஒரு பஸ்ஸுக்கு ஒரு சத்தம் போதும் என்பது அவர் கொள்கை.

இந்த பஸ்ஸில்தான் பிரதீஸின் தங்கச்சி நிருஷா ஓவியம் படிக்கப் போய் வந்தாள். எவ்வளவு சனம் நெரிந்தாலும் அவளுக்கு ஓர் இடம் இருந்தது: யூஸ்டஸுக்குப் பக்கத்தில், இஞ்சின் மூடியின் மேல். சூடு ஏறாமலிருக்க நாலாய் மடித்த சாக்குப் போட்டிருக்கும். அதில் பின்பக்கம் பார்த்துத்தான் இருக்க முடியும். பஸ்ஸிலிருந்த எல்லோரும் பாதையைப் பார்த்துக்கொண்டு போக, அவள் மட்டும் அந்த எல்லோரையும் பார்த்துக்கொண்டு போவாள். மடியில் ஒரு கொப்பி இருக்கும். பாடம் எழுதுகிறாள் என்று பிரதீஸ் நினைத்திருந்தான்.

படித்து முடித்து வந்தாறுமூலையில் அவள் முதல் கண்காட்சி வைத்தாள். பிரதீஸ் போனான், கஜானி போனாள், மண்டபத்தைப் பூட்டுகிற காவலாளி நின்றார். வேறு ஒருவரும் வரவில்லை. வெயில் தாங்காமல் ஒரு நாய் வந்து நடுவில் படுத்துக்கொண்டது. அதை எழுப்ப வேண்டாம் என்று நிருஷாதான் சொன்னாள். அன்றிரவு சோற்றைப் பிசைந்தபடி இன்னொன்றையும் சொன்னாள்.

"இன்னும் ஒருக்கா வைப்பன் அண்ணன். அதுக்கும் ஆக்கள் வராட்டி, கொழும்பு மாமி சொன்ன அந்தக் காப்புறுதிக் கம்பனி வேலைக்குப் போயிருவன். ஆரும் பாக்காத படத்தக் கீறிக் கீறி வீட்டுச் சுவரில சாத்தி வைக்கேலாது."

அந்த இன்னொன்று, மாசிமாதச் சனிக்கிழமை ஒன்றில் வந்தது. நகரத்தில் வாவிக்கரை ஓவிய விழா. பின்னேரம் தொடங்கிப் புளியந்தீவில் மூன்று நான்கு பழைய கட்டடங்களைத் திறந்து படம் மாட்டினார்கள். சாப்பாட்டுக் கடைகள் வாவியோரம் மேசை போட்டு நண்டுக்கறியும் புட்டும் வைத்தன. கல்லடிப் பாலம் தாண்டி, நாவற்குடாவில் மூடிக்கிடந்த நெல் களஞ்சியம் ஒன்றும் விழாவில் சேர்ந்தது. பெயர் கேள்விப்படாத பிள்ளைகளுக்குக் கடைசித் தரிப்பிடம் கொடுப்பதுதானே வழமை. அது நிருஷாவுக்குக் கிடைத்தது. கொழும்பு மாமிக்குத் திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும்.

அவ்வளவு தூரம் யார் போவார்கள் என்ற கேள்விக்கு விழாக் குழு ஒரு விடை வைத்திருந்தது. இலவச பஸ். காந்திப் பூங்காவிலிருந்து நாவற்குடாவுக்கும் திரும்பவும் ஓடும். யூஸ்டஸின் பஸ்ஸைத்தான் அமர்த்தினார்கள். பிரதீஸ் அதற்காகவே புதுச் சேட்டுப் போட்டான். ஒரு பஸ் சனத்தைத் தங்கச்சியின் வாசலில் கொண்டுபோய் இறக்கிவிட்டால் விசயம் முடிந்தது என்பது அவன் கணக்கு.

முதல் ஓட்டத்தில் ஒருவரும் ஏறவில்லை.

ஏறாததுகூடப் பரவாயில்லை. சனம் நடந்துகொண்ட விதம்தான் விளங்கவில்லை. பஸ்ஸைக் கண்டதும் ஓட்டோக்காரர்கள் ஓரம் கட்டினார்கள். மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் பொலிஸ்காரர் மற்ற வாகனங்களை மறித்து இரண்டு கையாலும் வழிவிட்டார். வடை தின்றுகொண்டிருந்த ஒருவர் வடையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு எழுந்து நின்றார். ஓவியத்துக்கு நம்முடைய ஊரில் இவ்வளவு மரியாதையா என்று பிரதீஸுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. மிதிபலகையில் நின்று எல்லோருக்கும் சிரித்துக் கைகாட்டினான். ஒருவரும் திரும்பிச் சிரிக்கவில்லை. சிலர் முறைத்தார்கள்.

கல்லடியில் ஒரு கடைக்காரர் பாட்டை நிறுத்தினார். வாசலில் நின்ற அம்மா ஒருவர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு பஸ்ஸுக்குக் கிட்ட வந்தார்.

"ஆரு மகன் மோசம்போன?"

பிரதீஸ் இறங்கி முன்பக்கம் போய்ப் பார்த்தான். நெற்றியில் கட்டியிருந்தது விழாக் குழு தந்த பதாகை. நல்ல வெள்ளைத் துணி. நடுவில் சின்னதாக, கறுப்பில் இரண்டு வரி. கொழும்பில் படித்த ஒருவர் எளிமையாக இருக்க வேண்டும் என்று வடிவமைத்தது. கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்த அவசரத்தில் பிரதீஸ்தான் அதைத் துணிக்குப் பின்பக்கமாக நின்று, முகப்பைப் பார்க்காமலே கட்டியிருந்தான். இந்த ஊரில் செத்தவீட்டுக்குப் போகிற பஸ்ஸின் முன்னால்தான் வெள்ளைத் துணி கட்டுவார்கள் என்பது பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.

"நான் ஏறக்குள்ளயே நினைச்சன்" என்றார் யூஸ்டஸ்.

"மறுகா ஏன் அண்ணன் சொல்லல்ல?"

"நீ கேக்கல்லயே."

நாவற்குடாவில் நிருஷா களஞ்சிய வாசலில் நின்றாள். பருத்திச் சேலை. பக்கத்து மேசையில் வலைத்துணி மூடிய பழரசக் குவளைகள். இன்னொரு மேசையில் யூஸ்டஸின் மனைவி மேர்டில் மீன் கட்லட்டுகளைக் கோபுரமாக அடுக்கிவைத்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். நிருஷா பஸ்ஸின் ஜன்னல்களை முன்னிருந்து பின்வரை ஒருமுறை பார்த்தாள்.

"ஒருத்தரும் இல்லையா அண்ணன்?"

"அடுத்த ட்ரிப்பில பாரு புள்ள. பஸ் கொள்ளாது."

"உள்ள வந்து பாக்கல்லயா?"

"ஆக்களோட வந்து பாக்கிறன்."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை வந்தாறுமூலையிலும் அவன் கண்டிருந்தான். நாயை எழுப்ப வேண்டாம் என்று சொன்னபோது சிரித்த அதே சிரிப்பு. பஸ்ஸைத் திருப்பும்வரை அவன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

காந்திப் பூங்காவில் விழாக் குழுவின் ஸஹீதா நின்றார். காத்தான்குடிக்காரர். எதையும் ஒழுங்காகச் செய்கிறவர். குழுவைக் கேட்காமல் கழட்டப் பயந்து பிரதீஸ் அப்படியே விட்டிருந்த பதாகையின் விசயத்தைக் கேட்டதும் வாயைப் பொத்திக்கொண்டு ஒரு பக்கம் திரும்பி, தோள் குலுங்கி முடிந்த பிறகுதான் திரும்பினார்.

"கழட்டுங்க அண்ணா, கழட்டுங்க. எங்கட உம்மாவும் இப்ப ஃபோன் எடுத்து ஆருக்கு என்ன எண்டு கேட்டா." பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டார். "ஆனா குழுவில சொல்லிட்டாங்க. இந்த முறையும் பஸ் வெறுமையாப் போனா, பாலத்துக்கு அங்கால வேணாமாம். புளியந்தீவுக்குள்ளயே சுத்தட்டுமாம்."

பிரதீஸ் பதாகையை மடித்து சீட்டுக்கு அடியில் திணித்தான். பஸ்ஸை பஸ் நிலையத்துப் பக்கம் கொண்டுபோகச் சொன்னான். சனம் அங்கேதான் நின்றது. சனிக்கிழமை பின்னேரம், தெற்கே போகிற பஸ் குறைவு. பையும் பிள்ளையுமாக ஒரு கூட்டம் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஓவியம் பாக்கப் போற பஸ்! காசில்ல, சும்மா ஏறலாம்!"

ஒருவர் பீடாவை மென்றபடி அவனை மேலும் கீழும் பார்த்தார். "எந்தக் கட்சி?"

"கட்சி ஒண்டும் இல்ல அண்ணன்."

"கட்சி இல்லாம ஆருடா தம்பி சும்மா ஏத்திற? கூட்டம் எங்க, அதச் சொல்லு. மழை வந்தா நடுவில ஒழும்பி வரலாமா?"

பக்கத்தில் நின்றவர்கள் இரண்டடி பின்னால் போனார்கள். சும்மா ஏற்றிப் போன பஸ்களில் போய், மைதானத்தில் வெயில் காய்ந்து, சோற்றுப் பார்சலும் கிடைக்காமல் திரும்பிய அனுபவம் அந்தக் கூட்டத்தில் அநேகமாக எல்லோருக்கும் இருந்தது.

பிரதீஸுக்கு வேர்த்தது. இலவசம் என்றால் ஒருவரும் வரப்போவதில்லை. அதைச் சொல்லாமல் விட்டு, வழமைபோலக் கூப்பிட்டுப் பார்ப்போம் என்று மிதிபலகையில் ஏறிக் கம்பியைப் பிடித்தான். மூச்சை இழுத்தான்.

"கல்லடி, நாவற்குடா…"

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். நாக்கு நிற்கவில்லை. "…காத்தான்குடி, ஆரையம்பதி, கிரான்குளம், குருக்கள்மடம், செட்டிபாளையம், களுவாஞ்சிக்குடி, கல்முனை!" சொல்லி முடித்ததும் அவனுக்கு உடம்பு லேசானது. என்ன சொன்னோம் என்று யோசிக்க நேரமில்லை. சனம் வந்து விழுந்தது. பின்னால போங்க, பின்னால போங்க, உள்ளுக்கு இடம் இரிக்கு என்று தள்ளி ஏற்றுவதில் அவன் முழுமனதாக இறங்கிவிட்டான். அன்று பின்னேரம் முழுவதும் அவனுக்கு வராத சந்தோசம் அது.

வெறும் மீன் தாச்சிச் சட்டியோடு சின்னத்தங்கம் ஏறினாள். சந்தையில் மீன் விற்கிறவள், கிரான்குளம். கதிர்காமத்தம்பி ஏறினார். கச்சேரியில் சனிக்கிழமையும் கோப்புப் பார்க்கிற அரசாங்க உத்தியோகத்தர், களுவாஞ்சிக்குடி. பேப்பர் விரித்தால் இறங்குமிடம்வரை மடிக்கமாட்டார். இப்படி நாளாந்தம் வருகிற முகங்களே பாதிக்கு மேல்.

சின்னத்தங்கம் காசை நீட்டினாள்.

"வேணாம் அக்கா. இண்டைக்குச் சும்மா."

அவள் எழும்பி அவன் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். "காய்ச்சல் ஒண்டும் இல்லயே."

"பொஞ்சாதிக்குப் பிள்ளை கிள்ளை கிடைச்சிருக்கும், சந்தோசத்தில குடுக்கிறான்" என்றது பின்னால் ஒரு குரல்.

கல்லடிப் பாலத்தில் பஸ் ஏறியது. வாவிக் காற்று ஒரு பக்க ஜன்னலால் வந்து மறுபக்கத்தால் போனது. கதிர்காமத்தம்பி பேப்பரை அசைக்காமல் கேட்டார்:

"தம்பி, களுவாஞ்சிக்குடிக்கு எட்டு மணிக்குள்ள போயிருமா?"

பிரதீஸுக்கு அப்போதுதான் உறைத்தது. நெரித்துக்கொண்டு முன்னால் போனான்.

"அண்ணன், நான் எதுவரைக்கும் கூப்பிட்ட நான்?"

"கல்முனை மட்டும்."

"மறிச்சிருக்கலாமே!"

"நல்லாத்தான் கூப்பிட்டாய். ஏன் மறிப்பான்?"

பாலம் முடிந்தால் கல்லடி. இப்போதே உண்மையைச் சொன்னால் எல்லோரும் அங்கே இறங்கி வேறு பஸ் பார்ப்பார்கள். பஸ் வெறுமையாக நாவற்குடா போகும். நிருஷா ஜன்னல்களை முன்னிருந்து பின்வரை ஒருமுறை பார்ப்பாள். சொல்லாவிட்டால், வீட்டுக்குப் போக ஏறிய சனத்தை ஏமாற்றியதாகிவிடும். நாளைக்கும் இவர்களின் முகத்தில்தான் விழிக்க வேண்டும்.

யூஸ்டஸ் கண்ணாடியில் அவனைப் பார்த்தார். "மேர்டிலிட்ட அவ்வளவு கட்லட்டும் அப்பிடியே கிடக்கு. விக்காட்டி நாளைக்குக் காலமயும் எனக்கு அதுதான்."

பிரதீஸ் வாயைத் திறக்கவில்லை. கல்லடியில் "இறங்கிறாக்கள் முன்னுக்கு வாங்க" என்றுகூடச் சொல்லவில்லை. அந்த பஸ்ஸில் அப்படி ஓர் அமைதி இருந்ததே இல்லை. தூங்கிக்கொண்டிருந்த ஒரு குழந்தை அமைதி தாங்காமல் விழித்து அழுதது.

"என்ன, கொண்டக்டருக்குத் தொண்டை கட்டிட்டோ?" என்றாள் சின்னத்தங்கம்.

நாவற்குடாவில், களஞ்சிய வாசலில், பஸ் நின்றது. இஞ்சினும் நின்றது.

"பத்து நிமிசம் நிக்கும்" என்றான் பிரதீஸ். அவனுக்கே கேட்காத குரலில் சொன்னான் என்று நினைத்தான். கடைசி சீட்டுவரை கேட்டது.

"நாவற்குடாவில எப்பயிருந்து பத்து நிமிசம்?"

"தேத்தண்ணிக்கு களுவாஞ்சிக்குடியிலதானே நிப்பாட்டிற?"

"இண்டையில இருந்து இஞ்சயும்" என்றான். "கட்லட் இரிக்கு. உள்ளுக்கு என்ட தங்கச்சிட படம் இரிக்கு. பாக்கிறாக்கள் பாக்கலாம்."

பாதிப்பேர் ஏசிக்கொண்டு இறங்கினார்கள். மீதிப்பேர் ஏசாமல் இறங்கினார்கள். எல்லோரும் கட்லட் மேசைக்குத்தான் போனார்கள். நிருஷா வாசலில் அசையாமல் நின்றாள். அவளுக்கு அவர்களைத் தெரிந்திருந்தது. அவர்களுக்கு அவளை அவ்வளவாகத் தெரியவில்லை. சாக்கின் மேல் குனிந்திருந்த பிள்ளை இப்போது சேலையில் நின்றாள்.

சின்னத்தங்கம் கட்லட்டைக் கடித்தபடி, தாச்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். பிறகு உள்ளிருந்து ஒரு கூச்சல் வந்தது. பிரதீஸின் குரலுக்கே போட்டியாக இருந்தது.

"இஞ்ச வாங்ககா! எல்லாரும் இஞ்ச வாங்க!"

சனம் ஓடியது. பிரதீஸும் ஓடினான். அப்படித்தான் தங்கச்சியின் இந்தப் புதுப் படங்களை அவன் முதன்முதலாகப் பார்த்தான்.

சுவர் முழுக்க அவனுடைய பஸ். இஞ்சின் மூடியிலிருந்து பின்னால் பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி. சாமிப் படத்து நீல விளக்கின் வெளிச்சத்தில், வேலை முடிந்து போகிற முகங்கள். ஒருவரின் தோளில் இன்னொருவரின் தலை. மூன்றாமாள் நசிபடாமல் தூக்கிப் பிடித்த கேக் பெட்டி. ஒரு படத்தில் எல்லோரும் ஒரே பக்கமாகத் தலையைச் சாய்த்து முகத்தைச் சுளித்திருந்தார்கள். எதைக் கண்டு என்று பிரதீஸ் மறுபக்கம் தேடினான். மிதிபலகையும், கதவுக் கம்பியைப் பிடித்த ஒரு கையும் மட்டும் இருந்தன. அது தன்னுடைய கை என்று விளங்கச் சற்று நேரம் எடுத்தது. அவன் அந்தப் படத்துக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டு நின்றான்.

நடுச்சுவரில், பெரிதாக, சின்னத்தங்கம். தாச்சியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து தூங்குகிறாள். அசல் சின்னத்தங்கம் இடுப்பில் கையூன்றி எதிரில் நின்றாள். கட்லட் மென்ற வாய்கள் எல்லாம் நின்றுவிட்டன.

"ஆருகா இதக் கீறின?"

"நான்தான் அக்கா" என்றாள் நிருஷா.

"என்னக் கேட்ட நீயா?"

"இல்ல. நீங்க நித்திரை."

யாரோ சிரிக்கத் தொடங்கி இருமலாக்கினார். சின்னத்தங்கம் படத்துக்குக் கிட்டப் போனாள். மூக்கு துணியில் முட்டுமளவுக்குப் போனாள்.

"எல்லாம் சரி. என்ட மூக்குத்தி எங்க?"

"நீங்க அண்டைக்குப் போடல்ல அக்கா. அந்தக் கிழமை முழுக்க நீங்க போட்டு வரல்ல. மறுகா வேற ஒண்டு போட்டு வந்தீங்க, கல்லுக் கொஞ்சம் சின்னன்."

சின்னத்தங்கத்தின் கை தானாக மூக்குக்குப் போனது. கட்லட் கையோடு போனது. சந்தையில் மீன் கழுவுகிற இடத்தில் அது விழுந்ததும், புருசனுக்குத் தெரியாமல் வேறொன்று வாங்கிப் போட்டதும் உலகத்தில் அவளுக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தாள். சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"மெல்லப் பறை புள்ள" என்றாள் நிருஷாவின் காதருகே. "பத்து வருசமா ஒரே வீட்டில இரிக்கிற மனிசன் அதக் காணல்ல. நீ கண்டிருக்காய்." பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "என்ன பாத்துக்கு நிக்கிறீங்க? உங்கட மூஞ்சையும் எங்கயாவது இரிக்கும், தேடுங்க."

தேடினார்கள். கண்டுபிடித்தவர்கள் கூப்பிட்டார்கள், பக்கத்தில் நின்று ஃபோனில் படமெடுத்தார்கள், வழுக்கை இவ்வளவு பெரிதில்லை என்று வாதாடினார்கள். கதிர்காமத்தம்பி எல்லாச் சுவரையும் சுற்றிவந்து முறைப்பாட்டோடு நின்றார்.

"நானும் அதே பஸ்ஸிலதான் பிள்ள வாறன். என்ன ஏன் விட்ட?"

நிருஷா மூலையில் ஒரு படத்தைக் காட்டினாள். விரித்த பேப்பர் ஒன்று, அதைப் பிடித்த எட்டு விரல்கள்.

"முகம் எங்க?"

"பேப்பருக்குப் பின்னால மாமா. நான் ஒருநாளும் காணல்ல."

அவர் பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்தார். அதற்குப் பிறகு அன்று முழுவதும் விரிக்கவில்லை.

பத்து நிமிசம் எப்போதோ முடிந்துவிட்டது. பிரதீஸ் வாசலுக்கு வந்து மூச்சை இழுத்து, காத்தான்குடியில் தொடங்கிக் கல்முனை வரை கூப்பிட்டான். ஒருவரும் வரவில்லை. இன்னொருமுறை கூப்பிட்டான். "ஏன்டா தம்பி கத்திறாய், பாத்துக்குத்தானே நிக்கிறம்" என்று உள்ளிருந்து பதில் வந்தது. அவன் குரலுக்கு அந்தப் பாதையில் அப்படி ஓர் அவமானம் நடந்ததில்லை. மேர்டிலின் மேசையில் தட்டு வெறுமையாக இருந்தது. யூஸ்டஸ் அதைக் கண்டு நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார்.

பஸ் திரும்பவில்லையே என்று ஸஹீதா ஓட்டோவில் வந்து இறங்கினார். ஏச வந்தவர், வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். புளியந்தீவு மண்டபங்களில் சனம் கைகட்டி நடந்து, தலையாட்டி, கிசுகிசுத்துப் போய்க்கொண்டிருந்தது. இங்கே சந்தை இரைச்சல்.

"இவங்க எல்லாம் எப்பிடி அண்ணா வந்த?"

பிரதீஸ் பதில் தேடுமுன் சின்னத்தங்கம் முந்திக்கொண்டாள். "கல்முனைக்குப் போற பஸ் எண்டு இவர்தான் கூப்பிட்ட, மிஸ். சும்மா எண்டும் சொன்ன. ஊருக்கே கேட்டிச்சு."

ஸஹீதா பிரதீஸைப் பார்த்தார். பிரதீஸ் யூஸ்டஸைப் பார்த்தான். யூஸ்டஸ் வாவிப்பக்கம் பார்த்தார்.

"கூப்பிட்டா கொண்டுபோய்த்தானே விடோணும்" என்றார் ஸஹீதா கடைசியில். "சுறுக்காப் போய்ட்டு வாங்க. அங்கால ஆக்களுக்கு நான் ஓட்டோ பிடிக்கிறன். இதப் பாக்கச் சொல்லி நானே அனுப்பிறன்."

ஏறுகிறபோது சின்னத்தங்கம் நிருஷாவின் கையைப் பிடித்தாள். "நாளைக்கும் இரிக்கா? என்ட மகளக் கூட்டிக்கு வாறன். அதுக்குள்ள ஒரு மூக்குத்தியப் போட்டு வை."

"போட மாட்டன் அக்கா."

"வாய்க்காரிதான்" என்று தாச்சியைத் தூக்கிக்கொண்டு ஏறினாள்.

எல்லோரும் ஏறியானபின் பிரதீஸ் மிதிபலகையில் நின்று குனிந்தான். யாருக்கும் கேட்கக் கூடாது என்று, தன்னால் முடிந்தமட்டும் தணித்துக் கேட்டான்.

"திங்கக்கிழம மாமிக்கு என்ன சொல்லிற?"

பஸ்ஸுக்குள் பேச்சு நின்றது. ஜன்னலெல்லாம் தலை.

நிருஷா அண்ணனைப் பார்த்தாள். அவன் பின்னால் நீண்டிருந்த தலைகளையும் பார்த்தாள். இஞ்சின் மூடியிலிருந்து பார்க்கிற அதே பார்வை.

"வரல்ல எண்டு சொல்லுங்க" என்றாள். "ஃபோன் எடுக்காதீங்க. இஞ்ச நிண்டே சொல்லுங்க அண்ணன், கொழும்புக்குக் கேக்கும்."

பஸ் சிரித்து அடங்க நேரமெடுத்தது. யூஸ்டஸ் ஸ்டியரிங்கில் ஒரு தட்டுத் தட்டி, ஹோர்னை ஒருமுறை நீளமாக அடித்தார்.